பாகூர்க் கோழிக்கு எது குளிர்?

மார்கழி விடியலில் பாகூர் ஏரிக்கரையில் நடப்பவர்கள் காது மறையக் குல்லா போட்டிருப்பார்கள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கண்ணாடி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். வெப்பமானியைப் பார்த்தால் பெரும்பாலும் 20 அல்லது 21 டிகிரி செல்சியஸ் இருக்கும். புதுச்சேரிப் பகுதியில் குளிர் என்றால் இவ்வளவுதான். அந்த நேரத்தில் கொல்லையில் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும் கோழியின் உடல் சூடோ 41 டிகிரியை ஒட்டி இருக்கிறது. வளர்ந்த கோழி தன் சூட்டைக் காக்கத் தனியாகச் சிரமப்பட வேண்டாத வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி வரை என்கிறது கோழி அறிவியல். மனிதர்கள் பல்லைக் கடிக்கும் அந்த விடியல், கோழிக்கு ஆண்டிலேயே சுகமான பொழுது.

ஆனாலும் ஐப்பசி பிறந்தால் கோழிக்கு ஆகாது என்ற பேச்சு வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பொய்யில்லை. சளி பிடித்துக் கொரகொரவென்று இழுக்கும் கோழி, தலை தொங்கும் குஞ்சு, சட்டென்று நின்றுபோகும் முட்டை எல்லாம் ஐப்பசி தொடங்கி நாலு மாதத்தில்தான் அதிகம். பழி மட்டும் குளிர்மேல் விழுகிறது. கோழியைக் கெடுப்பது ஈரம். அதிலிருந்து காப்பதாக நினைத்துக் கூட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டும் தார்ப்பாய் பல வீடுகளில் ஈரத்தைவிட அதிகக் கேடு செய்கிறது.

கோழி வெயில் நாட்டுப் பறவை. அதன் முக்கிய மூதாதை தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் சிறு பங்குண்டு. பல வளர்ப்புக் கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தச் சாம்பல் கோழியின் அறிவியல் பெயர் காலஸ் சொன்னராட்டி. 1782இல் தன் இந்தியப் பயணங்களை நூலாக வெளியிட்டு, பிற்காலத்தில் புதுச்சேரியிலேயே பல ஆண்டுகள் இருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னராவின் பெயர்தான் அது. புதுச்சேரியில் அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியுமோ, காட்டுக்கோழி சுமந்துகொண்டிருக்கிறது.

இப்படி வெப்ப மண்டலத்தில் பிறந்த பறவை கனடாவின் பனியிலும் முட்டையிடுகிறது. காரணம் இறகு. உடலை ஒட்டிய மென்தூவிகள் தமக்கிடையே காற்றைப் பிடித்து வைக்கின்றன. அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. குளிர் கூடும்போது கோழி உடம்பை உப்பவைத்துப் பந்தாக உட்காருவது அந்தக் காற்றடுக்கைத் தடிமனாக்கத்தான். இறகில்லாத இடங்கள் கால், முகம், கொண்டை. கால்களில் கீழே இறங்கும் ரத்தக்குழாயும் மேலேறும் ரத்தக்குழாயும் ஒன்றையொன்று ஒட்டி ஓடுவதால், இறங்கும் சூடான ரத்தம் ஏறும் குளிர்ந்த ரத்தத்தைச் சூடாக்கி அனுப்பிவிடுகிறது. பாதம் குளிர்ந்தாலும் உடம்பு குளிராது. கழியில் அமரும்போது பாதத்தை வயிற்று இறகால் மூடிக்கொள்ளும். தலையைச் சிறகுக்குள் செருகிக்கொள்ளும்.

கொண்டைதான் சிக்கல். அது உடல் சூட்டை வெளியேற்றும் உறுப்பு. வெயிலில் உதவி, உறைபனியில் உபத்திரவம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஓகா மடத்தைச் சேர்ந்த துறவி வில்ஃபிரிட் சாத்லான், கொண்டையும் தாடியும் மிகச் சிறியதாக இருக்கும் கோழி இனத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். சாந்தெக்லேர் என்று பெயர். உறைபனியில் கொண்டை கருகாது என்பது அதன் பெருமை. நம் பக்கத்தில் நேர் எதிர்த்திசைக்கு எடுத்துக்காட்டு கழுத்தறுத்தான் கோழி. ஒரே ஒரு மரபணுவின் வேலையால் கழுத்தில் இறகே இல்லாமல், உடம்பிலும் இறகு குறைந்து, வெயிலைத் தாங்கப் பொருத்தமாக இருக்கிறது. மழைக்காலத்தில் மற்ற கோழிகளைவிட அதைத்தான் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் இறகு காய்ந்திருக்கும்வரைதான். வாத்தின் இறகுபோலக் கோழியின் இறகு நீரைத் தள்ளிவிடாது. வால் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அலகால் எடுத்துப் பூசிக்கொள்ளவும் செய்கிறது. தூறலுக்கு அது போதும். வடகிழக்குப் பருவமழைக்குப் போதாது. தண்ணீர் உள்ளே புகுந்தால் காற்றடுக்கு போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு, அந்த நீர் ஆவியாவதில் நேர்வது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். நனைந்த கோழி 50 கிராம் நீரைச் சுமந்து, அதைத் தன் உடல் சூட்டாலேயே உலர்த்துகிறது என்று வைத்துக்கொண்டால் 29 கிலோ கலோரி செலவு. கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி நாளெல்லாம் தின்று பெறுவது சுமார் 200 கிலோ கலோரிதான். ஏழில் ஒரு பங்கு ஆற்றல் உடம்பைக் காயவைப்பதற்கே போகிறது. அடுத்த நாளும் நனைந்தால் மறுபடி அதே செலவு. கூடவே வாடைக்காற்றும் அடித்தால் 22 டிகிரியிலும் கோழி நடுங்கும். காய்ந்த கோழி 10 டிகிரியைச் சாதாரணமாகத் தாங்கும்.

புதுச்சேரியில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. சில ஆண்டுகளில் அதில் கணிசமான பங்கு ஒரே இரவில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. அதோடு முடியவில்லை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணியும் கரை தொட்டு ஓடியது. ஆட்களையும் மாடுகளையும் மேட்டுக்கு ஏற்றுவதற்கே நேரம் போதாத அப்படிப்பட்ட இரவுகளில் தரையோடு தரையாக இருக்கும் கோழிக்கூடுதான் முதலில் முழுகும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, திறந்துவிட்டாலும் ஓடாது. ஆற்றோர ஊர்களில் கூட்டைக் கால் நட்டு இடுப்பு உயரத்தில் கட்டுவது ஆடம்பரமல்ல. அதற்கு வழியில்லாதவர்கள் புயல் எச்சரிக்கை வந்த அன்றே, பொழுது சாய்வதற்குள், கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்துத் திண்ணைக்கோ மாடிக்கோ ஏற்றிவிடுவது நல்லது.

புயல் எப்போதாவது வருவது. தினசரிச் சங்கதி கூட்டுக்குள் நடக்கிறது.

கோழி எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். பாலூட்டிகள் சிறுநீரில் யூரியாவாக விடுவதைப் பறவைகள் இப்படிக் கெட்டியாக விடுகின்றன. எச்சத்தின் எடையில் முக்கால் பங்கு நீர். இந்த இரண்டும் கூட்டின் தரையில் சேர்ந்து வெதுவெதுப்பும் கிடைத்தால், பாக்டீரியா யூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியாவை வெளியிடும். தரை உலர்ந்திருந்தால் இந்த வேலை மந்தமாக நடக்கும். ஈரம் ஏற ஏற வேகம் பிடிக்கும். அம்மோனியா கோழியின் மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்களை முடக்குகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினால் கேடு தொடங்கிவிடும். அதன் பிறகு எந்தச் சளிக் கிருமிக்கும் வாசல் திறந்த வீடுதான்.

வளர்ப்பவர் நின்றபடி மூக்கை உறிஞ்சிப் பார்த்து, நெடி இல்லை என்று திருப்திப்படுவதில் பயனில்லை. கோழி மூச்சு விடும் உயரம் தரையிலிருந்து ஒரு முழம். அந்த உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பார்த்துக் கண் கரித்தால், கூடு எத்தனை கதகதப்பாக இருந்தாலும் அது கோழிக்கு ஆகாத கூடு. இன்னொரு சோதனை தரையில் பரப்பிய கூளத்தில். ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையை விரிக்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி; கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. உமி, மரத்தூள், மல்லாட்டைத் தோல், தென்னைநார்க் கழிவு எதுவும் கூளத்துக்கு உதவும். மல்லாட்டைத் தோல் இந்தப் பக்கம் மலிவு. மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறையாவது கிளறிவிட்டு, நனைந்த இடத்தை அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டும். தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் எப்போதும் சேறாகும். தட்டை ஒரு செங்கல் மேல் வைத்தாலே பாதி ஈரம் குறையும்.

நீற்றுச் சுண்ணாம்பைத் தூவுவது வழக்கம். ஈரத்தை உறிஞ்சும், கிருமியைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுவதால், ஏற்கெனவே எச்சத்தில் ஊறியிருக்கும் அம்மோனியாவை ஒரேயடியாகக் கிளப்பிவிடும். நெடி ஏறிய கூட்டில் கோழிகளை உள்ளே வைத்துக்கொண்டே சுண்ணாம்பு தூவுவது அவற்றின் கண்ணையும் மூச்சையும் கெடுப்பதில்தான் முடியும். கூளத்தை மாற்றிக் கோழிகளை வெளியே விட்டு, தரையில் தூவிக் காயவைத்த பிறகு புதுக் கூளம் போடுவதே முறை.

காற்றோட்டம் வேண்டும் என்பதை வெயில் நாட்டார் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ் டி. வுட்ஸ் என்பவர் எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஒரு பக்கம் திறந்த கோழிவீடே நல்லது என்று வாதாடி 1912இல் ஒரு புத்தகமே எழுதினார். உறைபனி பெய்யும் ஊர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வாதம். மூடிய கூட்டில் கோழிகளின் மூச்சு ஈரமும் எச்ச ஈரமும் வெளியேறாமல் தங்கிவிடுகின்றன. கொண்டையில் பனிக்கடி வருவதற்கும் அந்த ஈரம் துணைபோகிறது. பனி நாட்டிலேயே இப்படியென்றால், 21 டிகிரியில் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்ட நியாயமே இல்லை.

கட்ட வேண்டியது சாரல் வரும் பக்கத்தில் மட்டும். இங்கே வடகிழக்கு மழை என்பதால் வடக்கும் கிழக்கும். சாக்குப்படுதாவைக் கூரையோடு ஒட்டாமல் மேலே ஓரடி இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் சாரல் கோழிமேல் விழாது, ஈரக்காற்றும் நெடியும் மேல்வழியாகப் போய்விடும். மழை விட்டதும் சுருட்டிவிட வேண்டும். நனைந்த சாக்கு நாள் முழுக்கத் தொங்கினால் அதுவே ஈரத்தைப் பெருக்கும். கூரை விளிம்பு மூன்றடி வெளியே நீண்டிருந்தால் படுதாவுக்கே அதிகம் வேலை வராது. கீற்றுக் கூரையைப் புரட்டாசிக்குள் மாற்றிவிடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். தகரக் கூரை ஒழுகாது என்று நிம்மதியாக இருப்பவர்கள் மார்கழி விடியலில் உள்ளே கைவைத்துப் பார்க்கலாம். இரவில் தகரம் சீக்கிரம் குளிர்ந்து, உள்ளிருக்கும் ஈரம் அதன் அடியில் துளித்துளியாகக் கோத்துக் கோழிமேல் சொட்டும். தகரத்தின்மேல் கீற்று வேய்ந்தால் இது தீரும், சித்திரை வெயிலுக்கும் உதவும்.

குஞ்சுகளின் கதை வேறு. அங்கே குளிர் உண்மையிலேயே கொல்லும்.

முட்டையிலிருந்து வெளிவந்த நாட்டுக்கோழிக் குஞ்சின் எடை 30 கிராம் அளவுதான். உடம்பில் இருப்பது பூத்தூவி, இறகல்ல. எடைக்கு மேற்பரப்பு மிக அதிகம் என்பதால் சூடு விரைவாக வெளியேறும். தானே சூட்டை நிலைநிறுத்தும் திறன் வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை தாய்க்கோழியின் வயிற்றடிதான் அதன் அடுப்பு. தாய் இல்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே போக வேண்டும். வளர்ந்த கோழிகள் சுகப்படும் 21 டிகிரி, ஒரு நாள் குஞ்சுக்கு 14 டிகிரி பற்றாக்குறை.

கிராமத் திருவிழாக்களிலும் தெருவிலும் கூடையில் வைத்து விற்கும் கலர்க் குஞ்சுகள் இதனால்தான் சாகின்றன. பச்சையும் ரோஸும் பூசிய அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் ஆண் குஞ்சுகள். பண்ணைக்குப் பயன்படாது என்று கழிக்கப்பட்டவை. குழந்தை கேட்டதற்கு இரண்டு வாங்கி, அட்டைப்பெட்டியில் கொஞ்சம் அரிசிக் குருணையோடு வைத்தால் மூன்றாம் நாள் காலையில் விறைத்துக் கிடக்கும். வீட்டில் 'ராசியில்லை' என்பார்கள். ராசியில் பிழையில்லை, பெட்டியில் சூடில்லை.

சூடு கொடுக்கக் குண்டு பல்பு தொங்கவிடுவது எளிய வழி. குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கு. இருபது குஞ்சுக்கு ஒரு 40 வாட் பல்பு போதும். இங்கே ஒரு புதுச் சங்கடம் முளைத்திருக்கிறது. வீடுகளில் எல்லாம் எல்இடி வந்துவிட்டதால் பழைய இழை பல்பு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. எல்இடி வெளிச்சம் தரும், குஞ்சைச் சூடேற்றும் அளவு வெப்பம் தராது. வெளிச்சத்தைப் பார்த்துச் சூடிருக்கிறது என்று நம்புவது குஞ்சுக்கு ஆபத்து. மின்சாரம் போகும் புயல் நாட்களில் மண்பானையில் தணல் போட்டு நடுவில் வைப்பார்கள். அது நல்ல சூடு, ஆனால் கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. மூடிய அறையில் அது குஞ்சை மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லும். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் சூடு போதவில்லை. ஓரத்துக்கு ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம். பரவலாகத் திரிந்து தின்றுகொண்டிருந்தால் கையை வைக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டிய நோய்களில் முதலாவது வெள்ளைக்கழிச்சல். அறிவியல் நூல்களில் நியூகாசில் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் கண்டறியப்பட்டு, அதையடுத்து இந்தியாவில் இராணிக்கெட் மலையூரில் தெரியவந்ததால் இங்கே இராணிக்கெட் நோய். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்தில்லை. மிளகும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பதில் தவறில்லை, தடுப்பூசிக்கு அது மாற்று என்று நம்புவதுதான் தவறு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது வழக்கமான அட்டவணை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலும் பிப்ரவரியில் இதற்கென்றே முகாம் நடத்துகிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் கால்நடை மருந்தகங்கள் உண்டு. குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு.

இரண்டாவது ரத்தக்கழிச்சல். ஐமீரியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் முட்டை எச்சத்தோடு வெளியேறும்போது நோய் தரும் நிலையில் இருக்காது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து தயாராகிவிடும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்றால் குடலில் ரத்தம் கசியும். உலர்ந்த தரை இந்த நோய்க்கு நேரடி மருந்து என்பது இதனால்தான். மூன்றாவதாக அம்மை. தேங்கிய நீரில் பெருகும் கொசு இதைப் பரப்புகிறது. கொண்டையிலும் முகத்திலும் மருப்போலக் கிளம்பும்.

தீனியையும் விட்டுவிட முடியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப் போனதில் பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கில் பூசணம் இருந்தது தெரிந்தது. அந்த விசாரணையில் பிடிபட்ட நஞ்சுதான் அஃப்ளடாக்சின். கார்த்திகை ஈரத்தில் மூட்டையோடு தரையில் கிடக்கும் புண்ணாக்குக்கும் சோளத்துக்கும் அதே கதி நேரலாம். பூசணம் பிடித்ததைக் கழுவிக் காயவைத்துப் போட்டாலும் நஞ்சு போகாது. கொஞ்சமாக வாங்கிப் பலகைமேல் வைத்துச் சீக்கிரம் தீர்ப்பதே வழி.

முட்டை குறைவதற்கும் குளிர் காரணமில்லை. கோழியின் முட்டைப்பை வெளிச்சத்தின் நீளத்தைக் கணக்கிட்டு நடக்கிறது, அதுவும் கண்ணை மட்டும் நம்பி அல்ல. கண் அகற்றப்பட்ட வாத்துகளும் ஒளிக்கு ஏற்ப இனப்பெருக்கத்துக்குத் தயாராகின்றன என்று பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் பெனுவா 1930களில் காட்டினார். மண்டை ஓட்டைக் கடந்து வரும் வெளிச்சத்தை மூளையின் அடிப்பகுதியே உணர்கிறது. பண்ணையில் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வைப்பார்கள். புதுச்சேரியில் ஜூனில் பகல் 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் 11 மணி 25 நிமிடம் அளவு. வேறுபாடு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் மேகம் மூடிய நாட்களும், இறகு உதிர்த்துப் புதிதாக வளர்ப்பதற்கான புரதச் செலவும் சேர்ந்துகொள்கின்றன. இறகின் பெரும்பகுதி புரதம்தான். அது வளரும் வாரங்களில் முட்டைக்கு மிச்சமிருக்காது. ஆண்டுக்கு 60, 80 முட்டையிடும் நாட்டுக்கோழி வீட்டுக்குச் செல்லப்பிராணியாக இருக்கும்போது, கூட்டில் விளக்குப் போட்டு அந்த ஓய்வைக் கெடுக்க வேண்டிய அவசியம் தெரியவில்லை. கருவாட்டுத் தூளோ கறையானோ கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் இறகு சீக்கிரம் நிரம்பும்.

ஐப்பசி, கார்த்திகையில் அடை வைப்பதைத் தள்ளிப்போடுபவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் எழுதிப் பார்த்தவர்கள் அல்ல, ஆனால் கணக்கு பொருந்துகிறது. தை பாதியில் மழை ஓய்ந்து, பகல் நீளத் தொடங்கி, கோழி மறுபடி முட்டையிட்டு அடைக்கு உட்காரும். தை கடைசியில் வைத்த முட்டை 21 நாளில், மாசி நடுவில் பொரிக்கும். அப்போது விடியலின் ஈரம் குறைந்திருக்கும், பகலில் தாயோடு மேய வெயில் இருக்கும். பங்குனி முடிவதற்குள் குஞ்சுகளுக்கு ஆறு வாரமாகி உடம்பெங்கும் இறகு முளைத்துவிடும். சித்திரை பிறக்கும்போது அவற்றுக்குத் தேவைப்படுவது நிழலும் நாளுக்கு நாலு முறை மாற்றிய தண்ணீரும்.